டிபக்கருக்குப் புது ப்ரொசசரையும் புது ஓஎஸ்ஸையும் பழக்கிறது எப்புடி

போன மாசம் களுவாஞ்சிகுடியில இருக்கிற சித்திட மகன் ரிஸ்க்-ஃபைவ் எண்ட வகை ப்ரொசசர் உள்ள ஒரு போர்ட் வாங்கினான், உள்ளங்கை அளவுதான், அதுல லினக்ஸ் ஓடும். சின்னதா ஒரு சி புரோகிராம் எழுதி அதுல ஓட விட்டா நடுவுல விழுந்து போகுது. சரி டிபக்கரில, அதாவது ஓடுற புரோகிராம நடுவுல நிப்பாட்டி உள்ளுக்குப் பாக்கிற கருவியில, போட்டுப் பாப்பம் எண்டு அந்த ஃபைல லப்டொப்புக்கு எடுத்து ஜிடிபி எண்ட டிபக்கரில திறந்திருக்கான், ஜிடிபி சொல்லிச்சாம் இது என்ன வகை ஃபைலெண்டே எனக்கு விளங்கல்ல எண்டு. ராவு பத்து மணிக்கு எனக்கு வொட்ஸ்அப்பில வொய்ஸ் வருது, "அண்ண, டிபக்கர் எண்டா டிபக்கர்தானே, இதென்ன ஆள் பாத்து வேலை செய்யுது?"

அவனுக்கு உண்மையில தேவைப்பட்டது உபுண்டுவில ஜிடிபி-மல்டிஆர்க் எண்டு ஒரு பெக்கேஜ், பல வகை ப்ரொசசரும் தெரிஞ்ச ஜிடிபி அது, இன்ஸ்டோல் பண்ணினா சரி, ரெண்டு நிமிச வேலை. அதச் சொல்லிப்போட்டுப் படுத்திட்டன். ஆனா படுத்தாப் பிறகும் அந்தக் கேள்வி விடல்ல, ஏனெண்டா அந்தப் பெக்கேஜுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு ப்ரொசசரையும் ஆரோ ஒராள் குந்தி இருந்து டிபக்கருக்குப் பழக்கித்தான் இருக்கு, அந்த ஆள் என்ன செஞ்சிருப்பார் எண்டு இவனுக்கு ஒருக்காவும் ஆரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. எனக்கும் ஆரும் சொல்லித் தரல்ல, அடிபட்டுத்தான் படிச்சன். அதான் இத எழுதுறன்.

புது ப்ரொசசருக்கு டிபக்கர் செய்யிற எண்டு சொன்னா ஆக்கள் நினைக்கிறது முழு டிபக்கரையும் மறுகா முதல்ல இருந்து எழுதணும் எண்டு. அப்புடி இல்ல. ஜிடிபிய ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1986ல எழுதினவர், அதுக்குப் பிறகு எத்தனையோ ப்ரொசசர் வந்து போயிட்டு, ஆனா நீங்க பிரேக் எண்டு அடிக்கிற, பிரின்ட் எண்டு அடிக்கிற அந்த மேல் பகுதிக்குக் கீழ என்ன சிப் கிடக்கு எண்ட விசயமே தெரியா. அது கீழ உள்ள பகுதியிட்டச் சின்னச் சின்னக் கேள்வியாக் கேட்டுக்கொண்டே இருக்கும்: உன்னட்ட எத்தனை ரெஜிஸ்டர் (ப்ரொசசருக்குள்ளேயே எண் வச்சிருக்கிற சின்னப் பெட்டி) இருக்கு, ஓடுற புரோகிராம நிப்பாட்ட என்ன பைட் எழுதணும், இப்ப நிக்கிற இந்த ஃபங்ஷனக் கூப்பிட்டது ஆர். அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிக் குடுக்கிறதுதான் உங்கட வேலை. ஜிடிபிக்குள்ள இந்தக் கேள்வியெல்லாம் ஒரே இடத்துல ஒரு பெரிய அட்டவணையாக் கிடக்கு, ஜிடிபிஆர்க் எண்டு அதுக்குப் பேர், கொஞ்சத்துக்குப் பொதுவான பதில் ஏற்கெனவே போட்டிருக்கு, மிச்சத்த நீங்க நிரப்பணும்.

இந்தக் கேள்வியெல்லாம் ரெண்டு பேருக்குரியது. கொஞ்சம் ப்ரொசசரக் கேக்கிற கேள்வி, கொஞ்சம் ஓஎஸ்ஸக் கேக்கிற கேள்வி. எது ஆருக்கு எண்டு பிரிக்கிறதுலதான் புதுசா வாற எல்லாரும் தடுமாறுற, நானும் தடுமாறினனான். ஒரே லப்டொப், ஒரே 64 பிட் இன்டெல் ப்ரொசசர், அதுல ஒரு நாள் லினக்ஸ், மற்ற நாள் விண்டோஸ். ஒரு ஃபங்ஷனுக்குக் குடுக்கிற முதலாவது எண்ண லினக்ஸ்காரர் ஆர்டிஐ எண்ட ரெஜிஸ்டரில வைப்பாங்க, விண்டோஸ்காரர் ஆர்சிஎக்ஸ்ல வைப்பாங்க. லினக்ஸில லோங் எண்டா 8 பைட், விண்டோஸில அதே லோங் 4 பைட். சிப்புக்கு இதுல ஒரு பங்கும் இல்ல, அது ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரித்தான் உழைக்குது, இது அந்தந்த வீட்டு வழக்கம். டிபக்கருக்குள்ள இருந்துகொண்டு நீங்க ஒரு ஃபங்ஷனக் கூப்பிட்டுப் பாக்கணுமெண்டா எண்ண எந்தப் பெட்டிக்குள்ள போடுறதெண்டு அதுக்குத் தெரியணும், அப்ப ப்ரொசசர் பேர மட்டும் தெரிஞ்சு வேலையில்ல.

சரி, டிபக்கர் எப்புடி இன்னொரு புரோகிராமுக்குள்ள கை வைக்குது? தானாக் கை வைக்க ஏலா. ஒரு புரோசெஸ்ட மெமரிய இன்னொரு புரோசெஸ் பாக்க விட்டா பிறகு பாஸ்வேர்ட் ஒண்டும் மிஞ்சாதே. ஓஎஸ்ஸுட நடு மையமான கேர்னலிட்டக் கேக்கணும். வட்டைக்கு, அதான் வயலுக்கு, தண்ணி வேணுமெண்டா நீங்க போய் வாய்க்கால வெட்டி விட ஏலா, தண்ணி பங்கிடுற வட்டவிதானையிட்டச் சொல்லணும், அவர் உங்கட காணி எது, முறை ஆருட எண்டு பாத்துட்டுத்தான் விடுவார், அது மாதிரித்தான். லினக்ஸில அந்தக் கேக்கிற வழிக்குப் பேர் பிட்ரேஸ். ஒரே சிஸ்டம் கோல்தான், அதுக்குள்ளேயே எல்லாம் இருக்கு: இந்தப் புரோசெஸ நான் பிடிக்கிறன், அதுட மெமரியில இந்த இடத்தக் காட்டு, இந்த இடத்துல இத எழுது, ரெஜிஸ்டரத் தா, ஒரு அடி மட்டும் நட, ஓடு. உபுண்டுவில ஓடிக்கொண்டிருக்கிற உங்கட சொந்தப் புரோகிராமையே டிபக்கரால பிடிக்கப் போனா அனுமதி இல்ல எண்டு வாறதும் இதாலதான், யாமா எண்டு ஒரு பாதுகாப்பு அதுல போட்டிருக்கு, டிபக்கர் தான் பெத்த பிள்ளைய மட்டும்தான் தொடலாம், வெளி ஆளத் தொட ஏலா. முதல் முறை இது வந்தப்ப நான் டிபக்கர் பிழை எண்டு நினைச்சு அத மூண்டு தரம் கழட்டிப் பூட்டினன்.

பிரேக்பொயின்ட், அதான் புரோகிராம் நிக்கணுமெண்டு நாங்க குறிக்கிற இடம், அந்த விசயத்துல கொஞ்சம் நிண்டு போவம், ப்ரொசசருக்கு ப்ரொசசர் என்ன வித்தியாசம் எண்டத இதப் போலக் காட்டுறது வேற ஒண்டும் இல்ல. இருபதாவது வரியில நிக்கச் சொன்னா டிபக்கர் அந்த வரிக்கு முன்னால காவல் இருந்து பாக்கிறதில்ல, அந்த வரிட மெஷின் கோட் எங்க இருக்கோ அங்க போய் கிடக்கிற பைட்ட எடுத்து ஒரு பக்கம் வச்சிட்டு, 'நில்லு' எண்ட அர்த்தம் வாற வேற பைட்ட எழுதிட்டு வந்திரும். ப்ரொசசர் ஓடி வந்து அதுல கால் வச்ச உடன ட்ராப் ஆகும், கேர்னல் பிடிக்கும், சிக்ட்ராப் எண்ட சிக்னலா டிபக்கருக்கு வரும், லினக்ஸில அது 5ஆம் நம்பர் சிக்னல். நீங்க கன்டினியூ எண்டு அடிச்சா டிபக்கர் பழைய பைட்டத் திருப்பி வச்சு, ஒரு அடி மட்டும் நடக்க விட்டு, மறுகா 'நில்லு' பைட்ட வச்சிட்டு ஓட விடும். இவ்வளவும் நீங்க ஒரு எழுத்து அடிக்கிறதுக்குள்ள நடக்குது.

இப்ப அந்த 'நில்லு' பைட் எது? இன்டெல்லுல ஒரே ஒரு பைட், தசமத்துல 204. அங்க இன்ஸ்ட்ரக்ஷன் ஒண்டு ஒரு பைட்டாவும் இருக்கலாம் 15 பைட்டாவும் இருக்கலாம், அதால ஒரு பைட்டுல நிப்பாட்ட வழி இருந்தாத்தான் பக்கத்து இன்ஸ்ட்ரக்ஷன் பழுதாகாது. 64 பிட் ஆர்மில எல்லா இன்ஸ்ட்ரக்ஷனும் 4 பைட்தான், அப்ப பிஆர்கே எண்ட 4 பைட் இன்ஸ்ட்ரக்ஷன எழுதினாச் சரி, யோசிக்க ஒண்டும் இல்ல. ரிஸ்க்-ஃபைவில ஈபிரேக் எண்டு 4 பைட்டுல ஒண்டு, சுருக்கின இன்ஸ்ட்ரக்ஷன் உள்ள சிப்புக்கு அதுட 2 பைட் வடிவம் ஒண்டு. 2 பைட் இன்ஸ்ட்ரக்ஷன் கிடக்கிற இடத்துல 4 பைட் ஒண்ட எழுதினா அடுத்த இன்ஸ்ட்ரக்ஷன்ட தலைய வெட்டின மாதிரி, வேற எங்கயோ இருந்து அதுக்குத் தாவி வாற கோட் வந்து விழும். பழைய 32 பிட் ஆர்மில இன்னும் கரைச்சல், அதுல சாதாரண ஆர்ம் இன்ஸ்ட்ரக்ஷன் 4 பைட்டும் தம்ப் எண்ட குட்டி இன்ஸ்ட்ரக்ஷன் 2 பைட்டும் ஒரே புரோகிராமுக்குள்ள கலந்து கிடக்கும், எந்த இடம் எது எண்டு பாத்துத்தான் வைக்கணும்.

மறுகா, ட்ராப் ஆகினாப் பிறகு ப்ரொசசர் எங்க நிக்குது? இந்தக் கேள்வியிலதான் நான் ரெண்டு நாள் தின்னது. இன்டெல் அந்த ஒரு பைட்ட ஓட்டி முடிச்சிட்டு அடுத்த பைட்டுல நிக்கும், அதால ப்ரொசசர் நிக்கிற முகவரிய வச்சிருக்கிற புரோகிராம் கவுன்டரில இருந்து டிபக்கர் ஒண்டக் கழிச்சுத்தான் இது எந்த பிரேக்பொயின்ட் எண்டு கண்டுபிடிக்கும். ரிஸ்க்-ஃபைவ் அப்புடி இல்ல, ஈபிரேக் கிடக்கிற அந்த இடத்துலேயே நிக்கும், கழிக்க ஒண்டும் இல்ல. நான் ஒரு சின்ன போர்டுக்கு டிபக் கோட் எழுதக்குள்ள முன்ன இன்டெல்லுக்கு எழுதினதக் கொப்பி அடிச்சனா, அந்தக் கழித்தல் வரியும் கூடவே வந்திட்டு. போர்டுல ஒண்டு கூட்டுற ஒரு கவுன்டர் ஓடுது, பிரேக்பொயின்ட் வைக்காட்டி எண்ணிக்கை சரி, வச்சா ஒவ்வொரு தரமும் ஒண்டு கூட வருது. ரிஸ்க்-ஃபைவில திரும்பிப் போற முகவரிட கடைசி பிட் எப்பவும் சைபர்தான், அப்ப ஒண்டக் கழிச்சா ஒண்டு இல்ல, ரெண்டு பைட் பின்னுக்குப் போகுது, அங்க கிடந்தது சரியா 2 பைட்டுல சுருக்கின அந்த ஒண்டு கூட்டுற இன்ஸ்ட்ரக்ஷன், அது மறுகாவும் ஓடுது. நான் என்ட கவுன்டரச் சந்தேகப்பட்டன், கொம்பைலரச் சந்தேகப்பட்டன், கடைசில போர்ட் வித்த கடைக்காரனையும் ஏசிப்போட்டன். ஒரு வரி. ஜிடிபியில இதுக்கெண்டே ஒரு தனிக் கேள்வி இருக்கு, பிரேக்குக்குப் பிறகு எவ்வளவு கழிக்கணும் எண்டு, இன்டெல்காரர் அதுக்கு 1 எண்டு பதில் எழுதியிருக்காங்க.

பைட்ட எழுதவே ஏலாத இடமும் உண்டு. ராஸ்பெரி பை பிக்கோ மாதிரிக் குட்டி போர்டுல புரோகிராம் ஃப்ளாஷ் மெமரியில கிடக்கும், அத நினைச்ச உடன அழிச்சு எழுத ஏலா, அங்க சிப்புக்குள்ளேயே இருக்கிற ஹார்ட்வெயார் பிரேக்பொயின்ட்டத்தான் பாவிக்கணும். பிக்கோட ஆர்பி2040 சிப்புல ஒரு கோருக்கு அப்புடி 4 இருக்கு. அஞ்சாவது வைக்கப் போனா டிபக்கர் ஏலா எண்டும், அதுல உங்களுக்குக் கோவம் வரும், ஆனா பிழை டிபக்கரில இல்ல.

ஒரு அடி மட்டும் நடக்கிறது எண்டு மேல சும்மா சொல்லிட்டுப் போயிட்டன், அதுவும் லேசில்ல. இன்டெல்லுல ட்ராப் ஃப்ளாக் எண்டு ஒரு பிட் இருக்கு, அத ஏத்தி விட்டா ப்ரொசசர் ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் ஓட்டிட்டு தானா நிக்கும், கேர்னல் பாத்துக்கொள்ளும், உங்களுக்கு வேலையே இல்ல. ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸில பிட்ரேஸிட்ட ஒரு அடி நட எண்டு கேக்க வழி இல்ல. அப்ப டிபக்கர் என்ன செய்யணும், இப்ப நிக்கிற இன்ஸ்ட்ரக்ஷன தானே வாசிச்சு விளங்கிக்கொண்டு, இது அடுத்து எங்க போகும் எண்டு கணக்குப் போட்டு, அங்க ஒரு தற்காலிக பிரேக்பொயின்ட் வச்சு, ஓட விட்டுப் பிடிச்சு, மறுகா அத எடுக்கணும். சும்மா கூட்டல் கழித்தல் எண்டா அடுத்தது பக்கத்துல. கிளை பிரியிற இன்ஸ்ட்ரக்ஷன் எண்டா ரெஜிஸ்டருக்குள்ள என்ன பெறுமதி கிடக்கு எண்டு பாத்து எந்தக் கிளை எண்டு முடிவெடுக்கணும். ரெஜிஸ்டர்ல கிடக்கிற முகவரிக்குத் தாவுற இன்ஸ்ட்ரக்ஷன் எண்டா அதையும் வாசிக்கணும். இதுக்குள்ள ஒரு பொறி இருக்கு, த்ரெட்டுகள் (ஒரே புரோகிராமுக்குள்ள ஒரே நேரத்துல ஓடுற தனித்தனி ஓட்டங்கள்) ஒண்டையொண்டு குழப்பாம லொக் எடுக்கிற கோடுல எல்ஆர் எண்டு ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் ஒரு இடத்த ரிசர்வ் பண்ணும், கொஞ்சம் தள்ளி எஸ்சி எண்டது அந்த ரிசர்வ் இன்னும் இருந்தாத்தான் எழுதும், நடுவுல நீங்க நிப்பாட்டினா ரிசர்வ் போயிரும், எழுதுறது தோத்திரும், புரோகிராம் திரும்பிப் போய் மறுகா முயற்சி பண்ணும், நீங்க மறுகா நடுவுல நிப்பாட்டுவீங்க, விடிய விடிய அதே இடத்துல சுத்திக்கொண்டிருக்கும். அதால டிபக்கர் அந்த எல்ஆரக் கண்ட உடன எஸ்சி வரை ஒரே மூச்சில தாண்டி அங்கால போய்த்தான் நிக்கணும். இத எழுதாம விட்டா பிழை எண்டு ஒண்டும் வராது, சும்மா தொங்கி நிக்கும், அதுதான் பயங்கரம்.

ரெஜிஸ்டர் கணக்கு லேசு, ஆனா பொறுமை வேணும். 64 பிட் இன்டெல்லுல பொதுவான ரெஜிஸ்டர் 16, 64 பிட் ஆர்மில 31, ரிஸ்க்-ஃபைவில 32, அதுல முதலாவது எப்பவும் சைபர்தான், என்ன எழுதினாலும் சைபர். ஒவ்வொண்டுட பேரும், எத்தனை பிட்டும், எண்ணா முகவரியா எண்டும் எழுதிக் குடுக்கணும். இதுல சறுக்கிற இடம் நம்பர். கொம்பைலர் டிபக்கருக்கு எழுதி வைக்கிற குறிப்புக்கு டுவாஃப் எண்டு பேர், அது இருக்கிற ஃபைல்ட பேர் எல்ஃப், ரெண்டும் கதைப் புத்தகத்துல வாற ஆக்கள், பேர் வச்சவங்க நல்ல விளையாட்டுக்காரர். அந்த டுவாஃப் குறிப்புல இந்த வேரியபிள் 1ஆம் ரெஜிஸ்டரில இருக்கு எண்டு இருக்கும். இன்டெல் தன்ட மெஷின் கோடுல 1 எண்டு சொல்றது ஆர்சிஎக்ஸ்ஸ, டுவாஃப் 1 எண்டு சொல்றது ஆர்டிஎக்ஸ்ஸ. ரெண்டும் ஒண்டு எண்டு நினைச்சு எழுதினா டிபக்கர் நல்லா ஓடும், வடிவா பெறுமதி காட்டும், ரெண்டு வேரியபிளும் இடம் மாறியிருக்கும். பைட் வரிசையும் இந்த இனம்தான், 12345678 எண்ட ஹெக்ஸ் எண்ண சிலது 78ல தொடங்கி வைக்கும் சிலது 12ல தொடங்கி வைக்கும், இது ஒரு வரிப் பதில், சொல்ல மறந்தா எல்லா எண்ணும் பைத்தியம் பிடிச்ச மாதிரி வரும், அதால உடனயே கண்டுபிடிச்சிருவீங்க.

கஷ்டமான பகுதி பேக்ட்ரேஸ். புரோகிராம் விழுந்தா முதல் கேக்கிறது அதுதானே, இங்க எப்புடி வந்த எண்டு. எங்கட பக்கம் குடி விசாரிக்கிற மாதிரி எண்டு வச்சுக்கொள்ளுங்க, மட்டக்களப்பில குடி தாய்வழிதானே, உன்ட தாய் ஆர், தாய்ட தாய் ஆர், எந்த ஊர் எண்டு பின்னால பின்னால போய் ஒரு இடத்துல ஆக்கள் சேருவாங்க. டிபக்கரும் அப்புடித்தான், இந்த ஃபங்ஷனக் கூப்பிட்டது ஆர், அதக் கூப்பிட்டது ஆர் எண்டு புரோகிராம்ட முதல் ஃபங்ஷனான மெயின் வரை போகணும். இன்டெல்லுல கூப்பிடக்குள்ளேயே திரும்பிப் போற முகவரி ஸ்டாக்குல (ஃபங்ஷன்கள் தற்காலிகமா எழுதி வைக்கிற மெமரி) விழுந்திரும். ரிஸ்க்-ஃபைவில அது ஆர்ஏ எண்ட ரெஜிஸ்டரில இருக்கும், இந்த ஃபங்ஷன் வேற ஒண்டையும் கூப்பிடாட்டி அது ஸ்டாக்குக்கே வராது, கூப்பிட்டா தான் ஸ்டாக்குல சேமிச்சிட்டுக் கூப்பிடும். அப்ப இந்த நிமிசம் நிக்கிற ஃபங்ஷனுக்கு ரெஜிஸ்டரப் பாக்கணுமா ஸ்டாக்கப் பாக்கணுமா எண்டது அந்த ஃபங்ஷனுக்குள்ள எந்த இன்ஸ்ட்ரக்ஷன்ல நிக்கிற எண்டதப் பொறுத்து மாறுது. கொம்பைலர் நல்ல பிள்ளையா குறிப்பு எழுதி வச்சிருந்தா அத வாசிச்சாப் போதும், இந்த முகவரியில நிண்டா ஆர்ஏ இங்க கிடக்கு எண்டு வரி வரியாச் சொல்லும். குறிப்பு இல்லாட்டி டிபக்கர் ஃபங்ஷன்ட தொடக்கத்துக்குப் போய் ஸ்டாக்க எவ்வளவு இறக்கியிருக்கு, எத எங்க சேமிச்சிருக்கு எண்டு இன்ஸ்ட்ரக்ஷன் இன்ஸ்ட்ரக்ஷனா வாசிச்சு ஊகிக்கணும். ஒரு ப்ரொசசருக்கான ஃபைலில வெட்டித் திருத்தினது கூட இந்த ஊகத்துக்குள்ளதான் இருக்கும், ஏனெண்டா கொம்பைலர் ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் வேற மாதிரி எழுதும், ஒருக்கா சரியா வந்தது பிறகு சரியா வராது.

இதுக்குள்ள ஓஎஸ்ஸும் வந்து மூக்க நுழைக்கும். சிக்னல் ஒண்டு வந்து அதக் கவனிக்க நீங்க எழுதின ஃபங்ஷன், ஹேண்ட்லர், ஓடிக்கொண்டிருந்தா அத ஆரும் கூப்பிடல்ல, கேர்னல் நடுவுல செருகினது. லினக்ஸ் அதுல இருந்து திரும்பி வர ரெண்டு இன்ஸ்ட்ரக்ஷன் அளவுல ஒரு சின்னக் கோட் வச்சிருக்கு, ஆர்டி-சிக்ரிட்டர்ன் எண்ட சிஸ்டம் கோலக் கூப்பிடும், அதுட நம்பர் இன்டெல் 64ல 15, ரிஸ்க்-ஃபைவில 139. டிபக்கர் பின்னால போகக்குள்ள அந்த ரெண்டு இன்ஸ்ட்ரக்ஷனக் கண்டா ஓ இது கேர்னல் வச்ச படி எண்டு அடையாளம் கண்டு, கேர்னல் ஸ்டாக்குல சேமிச்ச பழைய ரெஜிஸ்டரெல்லாத்தையும் அங்க இருந்து எடுக்கணும். இதுல ப்ரொசசரும் வேணும் ஓஎஸ்ஸும் வேணும், ஒண்ட மட்டும் தெரிஞ்சு எழுத ஏலா.

ஓஎஸ் மட்டும் சம்பந்தப்பட்டதுக்கு வருவம். விண்டோஸில பிட்ரேஸ் இல்ல, அங்க டிபக்கர் வெயிட்ஃபோர்டிபக்இவென்ட் எண்டத கூப்பிட்டுட்டுக் காத்துக்கொண்டிருக்கும், புதுசா டிஎல்எல் எண்ட லைப்ரரி ஏறினா, த்ரெட் பிறந்தா, எக்ஸெப்ஷன் வந்தா விண்டோஸே வந்து சொல்லும். லினக்ஸில லைப்ரரி ஏறினத கேர்னல் சொல்லாது, ஏனெண்டா லைப்ரரிய ஏத்துறது கேர்னல் இல்ல, புரோகிராமுக்குள்ள இருக்கிற டைனமிக் லோடர். அதால டிபக்கர் லோடருக்குள்ளேயே ஒரு பிரேக்பொயின்ட்ட ஒளிச்சு வச்சிட்டு, அது அடிபடுற நேரமெல்லாம் போய் லைப்ரரி லிஸ்ட்ட வாசிச்சிட்டு வரும், உங்களுக்குத் தெரியவே வராது. த்ரெட்டும் அப்புடி, லினக்ஸில ஒவ்வொரு த்ரெட்டையும் தனித்தனியாப் பிடிக்கணும், ஒண்ட விட்டா அது மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், மிச்சமெல்லாம் நிக்கும், நீங்க நிண்டிட்டு எண்டு நினைச்ச வேரியபிள் உங்கட கண்ணுக்கு முன்னால மாறும். அப்பிள்ட மக் கொம்பியூட்டரில இன்னொரு உலகம், மாக் எண்ட கேர்னல்ட வழி வேற, டிபக்கருக்குக் கையெழுத்தெல்லாம் போட்டுக் குடுக்கணும், அதுக்குள்ள நான் இப்ப போகல்ல.

இவ்வளவையும் கேட்டிட்டு தம்பி கேட்டான், அப்ப எங்க இருந்து தொடங்குற எண்டு. நான் சொன்னது படுவான்கரையில இருந்து தொடங்கு எண்டு. எங்கட மட்டக்களப்பு வாவிக்கு ரெண்டு கரை, சூரியன் எழும்புற பக்கம் எழுவான்கரை, படுற பக்கம் படுவான்கரை. மண்முனைப் பாலம் 2014ல வர முன்ன பாதையில, அதான் ஆளையும் வண்டியையும் ஏத்திற மிதவையில, ஏறித்தான் அங்கால போறது, மோட்டர்சைக்கிளும் ஆளும் நெல்லு மூட்டையும் ஒண்டாத்தான் ஏறும். டிபக்கருக்கும் ரெண்டு கரை. நீங்க குந்தி இருக்கிற லப்டொப் ஹோஸ்ட், புரோகிராம் ஓடுற போர்ட் டாகெட். மூளையெல்லாம் இந்தக் கரையில இருக்கலாம், சோர்ஸ் கோட், டுவாஃப் வாசிக்கிறது, பேக்ட்ரேஸ் கணக்கு எல்லாம். அந்தக் கரையில ஒரு சின்ன ஆள் நிண்டு சொன்னதச் செஞ்சாப் போதும். நடுவுல போற பாதைதான் ஜிடிபிட ரிமோட் புரோட்டோகோல். ஒரு டொலர் குறி, ஒரு கட்டளை எழுத்து, ஒரு ஹாஷ், கடைசில ரெண்டு இலக்கக் கூட்டுத்தொகை, அவ்வளவுதான் ஒரு பொதி. எல்லா ரெஜிஸ்டரையும் தா எண்டு கேக்கிறதுக்கு சின்ன ஜி எழுத்து, அதுட நம்பர் ஹெக்ஸில 67, அப்ப டொலர், ஜி, ஹாஷ், 67. கிடைச்சா மறு பக்கம் ஒரு கூட்டல் குறி அனுப்பும். மெமரிய வாசிக்க எம், ஓட விட சி, ஒரு அடிக்குச் சின்ன எஸ், நிண்டா பெரிய எஸ்ஸோட எஸ்05 எண்டு பதில் வரும், அந்த 5தான் மேல சொன்ன சிக்ட்ராப்.

இதுட அழகு என்னெண்டா அந்தக் கரையில நிக்கிற ஆள் எழுத ஏழெட்டுக் கட்டளை போதும், சில நூறு வரி சி. ஓஎஸ்ஸே இல்லாத போர்டுலயும் சீரியல் வயர் ஒண்டால ஓடும். அதால புது ப்ரொசசர் எண்டா முதல் ப்ரொசசர்ட பதில்கள மட்டும் எழுதி, ஓஎஸ் பக்கத்த தொடாம, ரிமோட்டால பரீட்சிச்சுப் பாக்கிறதுதான் என்ட கணக்குல சரியான ஒழுங்கு. போர்ட் இல்லாட்டியும் பரவாயில்ல, இல்லாத போர்ட்ட இருக்கிற மாதிரி லப்டொப்புல நடிச்சுக் காட்டுற கியூஇமியூ எண்ட எமியூலேட்டருக்குள்ள இந்த ஆள் ஏற்கெனவே நிக்கிறார், மைனஸ் சின்ன எஸ் எண்டு குடுத்தா 1234ஆம் போர்ட்டுல காத்துக்கொண்டிருப்பார். ரெஜிஸ்டர் சரியா வருதா, பிரேக்பொயின்ட்டுல நிக்குதா, பேக்ட்ரேஸ் மெயின் வரை போகுதா, இந்த மூண்டும் சரி வந்தாப் பிறகு லினக்ஸ் பக்கம் போங்க. எல்எல்டிபி எண்ட மற்ற டிபக்கரும் இதே புரோட்டோகோலத்தான் கதைக்குது, அப்ப அந்தக் கரைக்கு எழுதினது ரெண்டுக்கும் உதவும்.

ஜிடிபிட சோர்ஸத் திறந்து பாத்தா இந்தப் பிரிப்பு ஃபைல் பேரிலேயே தெரியும். ரிஸ்க்வி-டிடெப் எண்டு ஒண்டு, டிடெப் எண்டது டாகெட்டப் பொறுத்தது எண்டதுட சுருக்கம், அதுக்குள்ள ப்ரொசசர்ட பதில்கள் மட்டும். ரிஸ்க்வி-லினக்ஸ்-டிடெப் எண்டு ஒண்டு, ப்ரொசசரும் லினக்ஸும் சேருற இடம், அந்த 139ஆம் நம்பர் கதை இதுக்குள்ளதான். மறுகா ரிஸ்க்வி-லினக்ஸ்-நாட் எண்டு ஒண்டு, நாட் எண்டது நேட்டிவ், டிபக்கரும் அந்த போர்டுலேயே ஓடினா மட்டும் வேணும், பிட்ரேஸ் எல்லாம் இதுக்குள்ள. முதல் ரெண்டும் உங்கட இன்டெல் லப்டொப்புல கொம்பைல் ஆகணும், மூண்டாவது ஆகத் தேவையில்ல. இதக் கலந்து எழுதினா, உதாரணத்துக்கு டிடெப்புக்குள்ள பிட்ரேஸக் கூப்பிட்டா, உங்களுக்கு போர்டுல ஓடும், லப்டொப்புல கொம்பைலே ஆகாது, ஜிடிபிகாரருக்கு உங்கட மாற்றத்த பச்சா அனுப்பினா திருப்பி அனுப்புவாங்க, அதுவும் மரியாதையாத்தான் சொல்லுவாங்க ஆனா வெக்கமா இருக்கும். இந்த ஃபைல்கள கொன்ஃபிகர் லிஸ்ட்டுலயும் சேக்கணும், சேக்க மறந்திட்டு எல்லாம் எழுதி முடிச்சிட்டு ஏன் ஒண்டும் மாறல்ல எண்டு முழிச்ச ஆள் நான் ஒராள் மட்டும் இல்ல எண்டு நம்புறன்.

எழுதி முடிஞ்சா மேக் செக் எண்டு ஒண்டு இருக்கு, டெஸ்ட் ஆயிரக்கணக்குல ஓடும். முதல் தரம் ஓட விட்டு சிவப்பப் பாத்துப் பயப்பட வேணாம், உங்கட லப்டொப்ட சொந்த ப்ரொசசருக்கே கொஞ்சம் விழத்தான் செய்யும். அத முதல்ல ஓட்டி அந்த லிஸ்ட்ட வச்சுக்கொண்டு, உங்கடதுல கூடுதலா விழுந்தது எது எண்டு மட்டும் பாருங்க. பெரும்பாலும் ஒரே ஒரு பிழைப் பதில்தான் இருநூறு டெஸ்ட்ட விழுத்தியிருக்கும். ஃபங்ஷன் திருப்பிக் குடுக்கிற ஸ்ட்ரக்ட் எந்த ரெஜிஸ்டரில வருது எண்டதப் பிழையா எழுதியிருப்பீங்க, எனக்கு அதுதான் வந்தது.

தம்பிட புரோகிராம் என்னாச்சு எண்டு கேப்பீங்க. போர்டுல ஜிடிபிசேவர, அதான் அந்தக் கரையில நிக்கிற சின்ன ஆள, ஓட விட்டு லப்டொப்புல இருந்து பிடிச்சம், பேக்ட்ரேஸ் வடிவா வந்திச்சு, 10 பெட்டி உள்ள அரேயில 11ஆவது பெட்டிக்கு எழுதியிருக்கான், எங்க நிப்பாட்டுற எண்டு பாக்கிற இடத்துல ஒரு சமன் குறி கூடிப்போச்சு. அதத் திருத்தினானோ தெரியா. நேத்து ராவு மறுகா வொய்ஸ் வருது, அந்த எப்பவும் சைபராவே இருக்கிற ரெஜிஸ்டருக்கு டிபக்கரில இருந்து 5 எண்டு எழுதினா என்ன நடக்கும் அண்ண எண்டு. எழுதிப் பாருடா எண்டுட்டுப் படுத்திட்டன்.